பத்துக்கு ஆறு

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளை இந்த ஆண்டு நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண் விடுதலை, திருமணம் என்று அதில் தனியாக ஒரு பகுதியே இருக்கிறதாம். சந்தோஷம். அந்தக் கதைகளை நடத்துகிறவர்களுக்கு மாணவிகளிடம் எப்போதும் நல்ல பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அந்த நல்ல பெயர் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாடம் நடத்துவது எப்படி, நோட்ஸ் கொடுப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் துறைத் தலைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அப்போது தலைவியாக இருந்தவர் பொன்மலையிலிருந்து சைக்கிளில் வருகிற ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. சிரிக்கவே மாட்டார். மாணவிகள் எது கேட்டாலும், "எதற்காகக் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டாலும் அதே கேள்விதான். அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் அவரைப்போலப் பேசிக்காட்டிச் சிரிப்போம். அதில் நான்தான் முன்னணி.

ஒருநாள் ஒரு பெண் அவரிடம், நாளைக்கு வகுப்பு உண்டா என்று கேட்டாள். எதற்காகக் கேட்கிறாய் என்றார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, மறுநாள் தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றும், வகுப்பு இருந்தால் நல்லது என்றும் சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு, வராதவர்களுக்குப் பூஜ்யம் என்று தலைவி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். எங்களுக்கெல்லாம் எரிச்சல். திடீரென்று தேர்வு வைத்தால் தாள் திருத்துவது யார்? அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரிய வந்ததே அவர் ஓய்வுபெற்றுப் போகும்போதுதான். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அந்தக் கேள்வி வரவில்லை.

இனி என் கதை. அறுபதுகளின் நடுவில், கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு பாடமாக வந்தது. எல்லாமே போன நூற்றாண்டில், ஐரோப்பாவின் வெவ்வேறு மூலைகளில் எழுதப்பட்ட கதைகள். அதில் ஒன்றில், ஒரு துறைமுக ஊரில் ஒரு டாக்டர் இருப்பார். நல்ல மனிதர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். மனைவிக்கு வருகிற கடிதங்களை மட்டும் தானே முதலில் பிரித்துப் படித்துவிட்டு, மடித்து, அவளிடம் கொடுப்பார். பன்னிரண்டு வருஷம் அப்படிப் போகும். ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு கடிதம் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணத்தின் அடியில் வைத்துவிட்டுக் கப்பல் துறைக்கு நடப்பாள். கப்பல் ஏறினாளா இல்லையா என்று கதை சொல்லாது. கடிதத்தில் என்ன இருந்தது என்றும் சொல்லாது.

அந்தக் கதையை நடத்தும்போது எனக்குக் கால் தரையில் பாவாது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலப்புதூரில் அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்தேன். என் கடிதங்களை நானே பிரிப்பேன், என் சம்பளம் என் கையில். ஊருக்கு உபதேசம் செய்ய இதைவிடத் தகுதி வேண்டுமா? அந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்புக்கு வேலை கொடுத்தேன். பத்து மதிப்பெண். வகுப்பில் வாசித்துக் காட்டப்போவதால் தாளில் யாரும் தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

நாற்பத்திரண்டு தாள் வந்தது. ஒன்றில்கூட அந்த டாக்டரின் பெயர் இல்லை. பெயர் கதையிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதும் கடிதம், பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பலகையில் எழுதியும் காட்டியிருந்தேன். ஒருத்திக்கும் கை வரவில்லை. கல்யாணமே ஆகாத பிள்ளைகள். எங்கோ கடல் தாண்டி, கதையில் மட்டும் இருக்கிற புருஷன். அவன் பெயரைக்கூட எழுத மாட்டேன் என்றால் என்ன செய்வது?

"ஏன்டி, அவன் என்ன உங்க மாமியார் பெத்த பிள்ளையா?" என்று கேட்டேன்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. வேதவல்லி என்ற பெண் எழுந்து, "மிஸ், எழுதறச்சே நாங்கதானே அவ. அப்புறம் எப்படி மிஸ் பேரைச் சொல்றது?" என்றாள்.

வேதவல்லிக்கு ஊர் முசிறி. அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேதவல்லி ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும்; நாற்பத்திரண்டு கடிதங்களில் அவளுடையதுதான் சிறந்தது. மற்றவர்கள் எல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருக்க, இவள் வீட்டு நிர்வாகத்தை எழுதியிருந்தாள். பூனைக்குப் பால் இன்ன அலமாரியில், சலவைக்காரிக்கு மூன்று சட்டை பாக்கி, உங்கள் மழைக்கோட்டின் இடது பை கிழிந்திருக்கிறது, நான் வர மாட்டேன். நான் அதைச் சத்தமாக வாசித்தேன். பத்துக்கு எட்டு போட்டேன். எட்டுக்கு மேல் நான் யாருக்கும் போட்டதில்லை. திருத்திய தாள் ஒவ்வொன்றிலும் மேல் மூலையில் சிவப்பு மையில் என் சுருக்கொப்பம் போடுவது என் பழக்கம். இது பின்னால் வருகிறது.

மாசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஸ்ரீரங்கத்திலேயே, உத்தர வீதியில். ரயில்வே ஆபீசில் வேலை. மாமனார் தாலுகா கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். மருமகள் பி.ஏ. முடிக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டுக்கு அவள் மடிசார் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். முன்புபோல் எழுந்து பேசவில்லை. புது மணப்பெண், அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன். முக்கொம்புக்கு வகுப்போடு உல்லாசப் பயணம் போனபோது அவளுடைய சம்மதச் சீட்டில் கையெழுத்து இல்லை. அடுத்த தடவை வாயேன் என்றேன். ஒரு நாள் அவள் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, கிணற்றுக் கயிறு சுண்டிவிட்டது என்றாள். மஞ்சள் பற்றுப் போடு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அதற்கு அடுத்த வாரம், வகுப்பு முடிந்து நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

"மிஸ், நம்ம ஹாஸ்டல்ல கல்யாணமானவாளைச் சேர்த்துப்பாளா?"

"ஏன்மா, வீட்டுக்காரரோட சண்டையா? அவரையும் கூட்டிட்டு வா. வார்டன்கிட்ட சொல்லி ரெண்டு கட்டில் போடச் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற வாய் எனக்கு. அந்தப் பழைய தலைவி இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அவள் கல்லூரிக்கு வருவது நின்றது. அதற்கு மூன்றாம் நாள் கல்லூரித் தலைவியான மதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரு நீளக் கவர். வேதவல்லியின் மாமனாரிடமிருந்து வந்தது. மருமகளின் பாடப்புத்தகத்தைத் தூசி தட்டியபோது அதிலிருந்து ஒரு கடிதம் விழுந்ததாகவும், வீட்டை விட்டுப் போவதாக அதில் எழுதியிருப்பதாகவும், கேட்டால் அவள் வாயைத் திறக்கவில்லை என்றும், இது கல்லூரியில் கற்றுக்கொடுத்த பாடமா என்று தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பாடம் இல்லையென்றால் பெண்ணை அவள் தகப்பனாரோடு அனுப்பிவிடப் போகிறார்கள்.

"அந்தக் கதையில அப்படி ஒரு வேலை குடுத்தீங்களா மிஸ்?" என்று மதர் கேட்டார்.

"குடுத்தேன் மதர். போன வருஷம்."

"அப்ப நேர்ல போய் எடுத்துச் சொல்லிட்டு வந்துடுங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து எத்தனை பொண்ணுங்க நம்மகிட்ட வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாம பொண்ணுங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லித் தர்றோம்னு பேச்சு வந்தா அப்புறம் ஊர் வாயை யார் மூடறது?"

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இது ஒரு பெரிய சங்கடமே இல்லை. பாவம், ஒரு வகுப்புத் தாளைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். சாட்சிக்காக மற்றப் பெண்கள் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் விட்ட தாள்களில் ஏழெட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பிருக்கும், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

வாசலில் ஒரு ஜட்கா நின்றுகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் ரேழியில், நடந்து போகிற வழியிலேயே, ஒரு டிரங்குப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் கூடத்துக்குப் போனேன். சுவரோரமாக வேதவல்லியின் அப்பா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பினார்.

"மிஸ், உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன். ரெண்டு நாளா கேக்கறேன். பாடம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. சொல்ல மாட்டேங்கறா. இவளுக்குக் கீழே ரெண்டு இருக்கே" என்றார்.

மாமனார் மரியாதையான மனிதர். "வாங்கோ, உக்காருங்கோ" என்று நாற்காலி போட்டார். மகன் ஜன்னல் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேதவல்லி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். முகம் வாடியிருந்தது, ஆனால் அழுத முகமாக இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன பயன்?

அவர் தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"நான் போகிறேன். இந்த வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதற்கும் நான் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் நான் செய்யும் காரியம் இது ஒன்றுதான். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. என்னைத் தேட வேண்டாம். கை சரியானதும் எழுதுகிறேன்."

மேலே யார் பெயரும் இல்லை. கீழேயும் இல்லை. மேல் மூலையில் என் சிவப்புச் சுருக்கொப்பம் இல்லை.

இதுவல்ல நான் எட்டு போட்ட கடிதம். இதில் பூனை இல்லை, மழைக்கோட்டு இல்லை. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கடைசி வரியில் அந்த வீங்கிய மணிக்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது. இது பாடம் இல்லை. இந்த வீட்டில் உட்கார்ந்து, இந்த வீட்டு மனிதனுக்கு அவள் எழுதியது.

எனக்கு இருந்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரேழியில் இருந்த பெட்டிதான். கல்யாணமாகி ஐந்தாறு மாதத்தில் பெட்டியோடு பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண். தங்கைகளுக்கு வரன் வராது. முசிறியில் வாழாவெட்டி என்று பெயர் கட்டிவிடுவார்கள். போதாததற்கு மதரின் முகம், கல்லூரியின் பெயர், என் பெயர். இவளை எப்படியாவது இங்கே நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தாள்.

"இது நான் குடுத்த பாடம்தாங்க" என்றேன்.

"பேர் ஒண்ணும் இல்லையே இதுல?"

"யாருமே எழுதலைங்க. இதோ பாருங்க." கொண்டுபோன தாள்களை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் பெயர் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"கை சரியானதும்னு வரதே, அது என்ன? நான் அந்தக் கதையைப் படிச்சுட்டேன். அந்த அம்மாளுக்குக் கையில ஒண்ணும் இல்லையே."

மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். அந்தக் கூடத்தில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். அவன், அவள், நான்.

"பொண்ணுங்க கற்பனையா எதையாவது சேர்த்துப்பாங்க. அதுக்குத்தான் மார்க்கே" என்றேன்.

அவர் தாள்களை மறுபடி புரட்டினார். "எல்லாத்துலயும் உங்க சிவப்பு மை இருக்கு. இதுல மட்டும் இல்லை."

"வேதவல்லி அன்னிக்கு லேட்டா குடுத்தா. திருத்தாம விட்டுட்டேன். என் தப்புதாங்க."

சொன்னதோடு நிறுத்தவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு, மேல் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். என்ன மதிப்பெண் போடுவது என்று யோசித்தேன். அதிகம் போட்டால் இவ்வளவு நல்ல தாளைத் திருத்தாமலா விட்டீர்கள் என்று சந்தேகம் வரும், குறைத்துப் போட்டால் பெண்ணைப் பற்றி இளக்காரமாக நினைப்பார்கள் என்றெல்லாம் கணக்குப் பார்த்தேன். ஆறு போட்டேன். பத்துக்கு ஆறு.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் நம்ப வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மருமகளைத் திருப்பி அனுப்புவது அந்த வீட்டுக்கும் அவமானம்தானே. சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, பாடம்தானா?" என்று கேட்டார்.

வேதவல்லி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, ஆமாம் என்று சொல், சொல்லிவிடு என்றேன். அவளுடைய அப்பா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு, "மிஸ் சொன்னா சரி" என்றாள்.

அவ்வளவுதான். மகன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். ரேழிக்குப் போய், யாரையும் கூப்பிடாமல், தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வேதவல்லியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜட்கா திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது. மாமியார்தான் கொண்டுவந்தார்.

காவேரிப் பாலத்தில் பஸ் திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மதர் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்தப் புத்தகமே வேண்டாம் என்று வேறு புத்தகம் எடுத்தார்கள். நானும் மறுப்புச் சொல்லவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது எனக்கு ஒரே நாளில் புரியவில்லை. வேதவல்லி கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டேன். படிப்பு போதும் என்று தீர்மானித்திருக்கிறோம், தங்கள் உபகாரத்துக்கு நன்றி என்று மாமனார் கையெழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இரண்டு நாளாகப் பாடம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறா என்று அவளுடைய அப்பா சொன்னது எனக்கு உறைத்தது. ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் இருந்தால் அனுப்பிவிடுவார்கள். பெட்டி கட்டியாயிற்று, ஜட்கா வந்தாயிற்று, அப்பா கூட்டிப்போக வந்தாயிற்று. இன்னும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நான் அவமானம் என்று பார்த்த பெட்டிதான் அவளுக்குக் கதவு. பெண் விடுதலையைப் பற்றி ஒரு வருஷம் வாய் கிழியப் பேசிய நான் போய் அதைச் சாத்திவிட்டு வந்தேன். அதன்பிறகாவது நான் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கலாம். அந்த ஹாஸ்டல் கேள்விக்கு அப்போதாவது பதில் தேடியிருக்கலாம். அடுத்தவர் குடும்பம், நாம் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையிட்டது போதாதா?

மறு வருஷம், ஆடி கழிந்து, ஒரு மத்தியானம் அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்தேன். குடையை வெளியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"வேதா போயிட்டா மிஸ். டைபாய்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போங்கோன்னு அவ கேட்டிருக்கா. ஆத்துக்காரர் வெளியூர் போயிருக்கார், வரட்டும்னு அவா எல்லாரும் இருந்திருக்கா. எனக்கு ஒரு கார்டு எழுதியிருக்கா, காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே. அவாத்துல யார் எழுதினாலும் பெரியவர் படிச்சுட்டுத்தான் போஸ்ட் பண்ணுவார். நான் கவலைப்படுவேன்னு வச்சிருந்தாராம். பதினோராம் நாள்தான் எனக்கு வந்தது. நான் போனப்போ நினைவு இல்லை."

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"அவா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தா. அதுல இது இருந்தது. உங்க பாடமாச்சே, உங்ககிட்டயே சேர்த்துடலாம்னு கொண்டு வந்தேன்."

தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, விரலை நேராக அந்தச் சிவப்பு எண்ணின்மேல் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மிஸ். அவ இங்கிலீஷ் நன்னா எழுதுவாளே. இதுல எதுக்கு நாலு மார்க் குறைஞ்சது?"

சிரிக்காதீர்கள். அவர் உண்மையிலேயே கேட்டார். செத்துப்போன பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்துகொள்ள மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இங்கேயும் எனக்கு ஒரு நிமிஷம்தான் இருந்தது. இலக்கணப் பிழை என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பார், அமைதியாக இருந்திருப்பார். அவருக்கு இன்னும் இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டும், அவருக்கு அமைதி வேண்டும். என்னால் முடியவில்லை. அது பாடம் இல்லை என்று சொன்னேன். அவள் எழுதிய கடிதம் என்றும், பார்த்த உடனே எனக்குத் தெரியும் என்றும், அந்தக் கூடத்தில் வைத்துத்தான் மதிப்பெண் போட்டேன் என்றும், கை வீங்கியிருந்ததையும், ஹாஸ்டல் கேட்டதையும், நான் கேலி செய்ததையும் எல்லாம் சொன்னேன். அவரிடம் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்தேனோ என்னவோ. நீங்கள் என் இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்யலாம்.

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்தத் தாளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்கு ஜட்காவைத் திருப்பி அனுப்பினது நான்தான் மிஸ். வேண்டாம்பா, நீ போன்னேன். அவ வாசப்படி வரைக்கும் வந்து நின்னு அது போறதைப் பார்த்துண்டிருந்தா. நான் என்ன பண்ணினேன் தெரியுமோ? உள்ளே போம்மா, வெயில்னேன்."

எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் வேலை பார்த்தேன். அந்தச் சிவப்புப் பேனாவால் எத்தனையோ தாள் திருத்தினேன். மாணவி எது கேட்டாலும், எதற்காகம்மா கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கிற கிழவி என்று எனக்கும் பெயர் வந்தது. என்னைப்போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

அந்தத் தாளை இந்தக் கட்டுரையோடு உங்களுக்கு அனுப்புகிறேன். துறை அலமாரியில் வையுங்கள். மடிப்பு விட்டுப்போகும், பின்னால் வேறொரு தாள் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாருக்காவது இரக்கம் வந்து அந்த ஆறை அடித்துவிட்டுப் பத்து என்று போடத் தோன்றும். போட வேண்டாம். நான் போட்டது அப்படியே இருக்கட்டும்.